உடையாத ஊசிகளைக் கணக்கெடுத்தவர்

திருப்பூரில் எல்லோரும் எதையாவது ஒன்றை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நூலை வைத்து, துணியை வைத்து, சாயத்தை வைத்து, பட்டனை வைத்து. ஒன்றுமே இல்லாததை வைத்துப் பதினோரு வருஷம் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் சைபர் அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. புதிதாக வந்தவர்கள் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. ஆறு லைன், லைனுக்குப் பதினாலு தையல் மிஷின். நான் அங்கே ரெக்கார்டு பிரிவு. அதாவது, ஆடிட் வருகிறவர்கள் கேட்கும் ஃபைலை அவர்கள் கேட்பதற்கு முன்பே தூசி தட்டி வைத்திருப்பது என் உத்தியோகம்.

குழந்தை உடுப்பு தைக்கிற இடங்களில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. மிஷினில் ஊசி ஒடிந்தால் துண்டுகளை எல்லாம் பொறுக்கிப் பொருத்திப் பார்க்க வேண்டும். முழு ஊசி தேறினால் அதை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, அப்புறம்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துணுக்குக் குறைந்தாலும் லைன் நிற்கும். ஏனென்றால் அந்தத் துணுக்கு உடுப்புக்குள் போயிருந்தால், எங்கோ ஒரு குழந்தையின் முதுகில் அது குத்தும். இதுவரை எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஊசி ஒடியாத நாளில் மற்ற இடங்களில் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், அல்லது ஒரு கோடு இழுப்பார்கள். எங்கள் கம்பெனியில் சைபர் அண்ணன் இருந்தார்.

நாளைக்கு ஆறு லைன், ஆறு கட்டம், ஆறு சைபர். ஒவ்வொரு சைபருக்கும் முன்னால் பதினாலு மிஷினுக்கும் நடந்து போய், ஊசியை விரலால் தடவிப் பார்த்து, தைக்கிறவர் முகத்தைப் பார்த்து, "ஒடஞ்சுதுங்களா?" என்று கேட்பார். பீகார்ப் பையன்களிடம் "டூட்டா?" என்பார். அவர்கள் "நஹி அண்ணா" என்றால்கூட நம்பாமல் மறுபடி ஊசியைத் தடவுவார். பிறகு மேஜைக்கு வந்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். தொடங்கிய இடத்தில் போய் முடிய வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப்போனால் அன்றைக்கு முழுக்க அவர் யாரோடும் பேசமாட்டார்.

"ஏனுங்ணா, காலியா உட்டாலும் ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லீங் அம்மிணி. காலியா உட்டா யாரும் பாக்கலைன்னு அர்த்தம். சைபர் போட்டா ஒருத்தன் போய்ப் பாத்துப்போட்டு வந்து, இல்லைங்கறான்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுங்களா?"

இந்த ஞானம் அவருக்குக் கல்லூரியில் கிடைத்தது. கணக்குப் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம் ஒரு பரீட்சைக்கு அவருடைய கூட்டாளி போகவே இல்லை. இவர் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். மதிப்பெண் பட்டியல் வந்தபோது கூட்டாளிக்கு 'ஆப்சென்ட்' என்று இருந்தது. இவருக்கு '000' என்று மூன்று சைபர். படிப்பு அதோடு நின்றது. இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதை அவர் ஒரு பட்டம்போலவே சொல்லுவார்: "அவன் வராதவனுங்க. நான் போயி எழுதி வாங்குனவன்."

டீ நேரத்தில் அவருக்கு அருள் வந்துவிடும். சைபரின் பூர்வோத்திரத்தை எடுத்து விடுவார். அவர் சொன்னதையெல்லாம் நான் சரிபார்த்ததில்லை. சரிபார்ப்பது அவர் வேலை, ஃபைல் போடுவது என் வேலை.

"பாபிலோன்காரங்க களிமண் பலகையில நெம்பர் எழுதுனாங்க. நடுவுல ஒண்ணுமில்லைன்னா சும்மா எடம் உட்டாங்க. எவ்வளவு எடம் உட்டாங்கன்னு எவனுக்குத் தெரியும்? அதனால பொறகு ரெண்டு சாஞ்ச குறி போட்டாங்க. ஆனா அது நெம்பர் இல்லீங்க. பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கறாப்பல. துண்டு ஆளாகுமுங்களா?"

"ஆகாதுங்க," என்போம், டீ ஆறுவதற்குள் முடிக்கட்டும் என்று.

"அந்தத் துண்டை ஆளாக்கி உக்கார வெச்சது நம்ம நாட்டுலதானுங்க. ராஜஸ்தான் பக்கம் ஒரு கணக்குப் பெரியவரு. சைபரும் ஒரு நெம்பருதான், அதுக்கும் சட்டம் உண்டுன்னு எழுதி வெச்சாரு. சைபரைச் சைபரால வகுக்கற எடத்துல மட்டும் கொஞ்சம் தடுமாறிட்டாரு. அவுரும் மனுசந்தானுங்களே."

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெரியவரை அவர் மன்னித்துவிடுவார். எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒரு தடவை கட்டத்தில் கோடு இழுத்ததை மட்டும் கடைசி வரை மன்னிக்கவில்லை.

தமிழ் எண்களில் சைபரே கிடையாது, பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி எழுத்து வைத்திருந்தார்கள் என்று அவர் ஒரு நாள் சொன்னபோது, அயர்ன் பண்ணுகிற ராசு விடவில்லை. "அப்ப நம்மாளுகளுக்குச் சைபர் தெரியாதுங்களா?" என்றார். சைபர் அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தெரியாதுன்னு சொல்லாதீங்க ராசு. தேவைப்படலைன்னு சொல்லுங்க" என்றார்.

அந்த வடநாட்டுச் சைபரை அரபு வியாபாரிகள் கொண்டு போய் 'சிஃபர்' ஆக்கினார்களாம். அது ஐரோப்பா எல்லாம் சுற்றி 'சைபர்' ஆகி நம்மிடமே வந்து சேர்ந்ததாம். "நம்மூரு பனியன் வெளிநாடு போயி லேபிள் ஒட்டிட்டு, நம்மூரு மால்லயே தொங்குதுங்களே, அதே கதைதானுங்க." நான் தேவாலயத்துக்குப் போகிறவள் என்பதால் எனக்கென்று ஒரு தனிக் குற்றச்சாட்டு வைத்திருந்தார். ஐரோப்பாவில் பாதிரிமார்களுக்கு வெறுமை என்றாலே பயமாம், அதனால் ரொம்ப நாள் சைபரை வாசலிலேயே நிற்க வைத்தார்களாம். "உங்காளுகதான் அம்மிணி உள்ள உடலை" என்று, நானே கதவைச் சாத்தியதுபோலப் பார்ப்பார். எங்கள் வேதத்திலும் முதலில் ஒன்றுமே இல்லாமல்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் டீயோடு ஒரு வர்க்கி சேர்த்து வாங்கித் தந்தார்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவருக்குத் தடை இருந்தது. சூனியம் என்ற வடமொழிப் பெயரைத் தையல் லைன் பக்கம் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொல்லி, மறுநாள் எட்டு மிஷினில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

தத்துவத்தையும் அவர் சும்மா விடவில்லை. ஆந்திரப் பக்கம் ஒரு புத்தத் துறவி, எந்தப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு சாரம் கிடையாது, எல்லாம் வெறுமை என்று வாதாடினாராம். "எப்படீங்க அது? மிஷின் இருக்குது, டேபிள் இருக்குது, நான் இருக்கறேன்" என்று கேட்டார், வெளிநாட்டில் வாங்குகிற பையரோடு பேசி ஆர்டர் பார்க்கும் எங்கள் மெர்ச்சண்டைசர். அவர் கையில் ஒரு பின்னல் காலர் இருந்தது. சைபர் அண்ணன் அதை வாங்கி, ஓரத்து இழையைக் கண்டுபிடித்து இழுத்தார். காலர் என்பது ஒரே நூலில் முன்னும் பின்னுமாகப் பின்னுவது. சர்ரென்று வந்தது. இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மேஜை மேல் ஒரு கைப்பிடி சுருட்டை நூல் கிடந்தது.

"இப்பச் சொல்லுங்க. காலர் எங்கீங்க?"

"அது பையர் கையெழுத்துப் போட்டு அனுப்புன அப்ரூவல் சாம்பிளுங்க," என்றார் மெர்ச்சண்டைசர். "இருந்தது ஒண்ணே ஒண்ணுங்க." அவர் கண்ணில் தண்ணீர். தத்துவத்தைக் கேட்டு வந்த தண்ணீர் இல்லை.

எங்கள் ஸ்டோர்ஸில் தங்கமணியக்கா இருந்தார். நம் பக்கத்துப் பெண்களுக்கு, வீட்டில் அரிசி தீர்ந்தாலும் 'இல்லை' என்று சொல்ல வாய் வராது, 'நெறஞ்சிருக்குது' என்பார்கள். தங்கமணியக்கா இந்த மரியாதையைத் தையல் நூலுக்கும் கொடுத்துவந்தார். வடக்கேயிருந்து புதிதாக வந்த மேனேஜர் வெள்ளை நூல் ஸ்டாக் எப்படி என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. "நெறஞ்சிருக்குதுங்க சார்" என்றிருக்கிறார் அக்கா. மேனேஜர் யாரிடமோ அர்த்தம் கேட்டு, நிம்மதியாக ஆர்டர் போடாமல் விட்டார். திங்கட்கிழமை ஆறு லைனும் நின்றது. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, சைபர் அண்ணன் ஸ்டோர்ஸுக்குப் போய் அக்காவுக்கு ஒரு பேனா கொடுத்தார். "வாயில சொல்ல வேண்டாமுங்க அக்கா. ஒரு சைபர் போடுங்க. அதுக்குத் தோசமில்லீங்க. இல்லைங்கறதை வாயால சொல்லாமச் சொல்றதுக்குத்தானுங்க அதைக் கண்டுபுடிச்சதே." அக்கா போட்டார். ஆனால் சைபருக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

வருஷா வருஷம் ஊட்டிக்குப் போகிற கம்பெனி சுற்றுலாவை ஒரு வருஷம் பேசிப் பேசிச் சிதம்பரத்துக்குத் திருப்பிவிட்டார். எட்டு மணி நேரம் பஸ். வரிசையில் நின்று ரகசியம் பார்த்தோம். திரையை விலக்கினார்கள். தங்க வில்வ இலைச் சரங்கள் தொங்கின. பின்னால் ஒன்றுமில்லை. சைபர் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். நாங்கள் வெளியே வந்தோம். முதலில் வாய் திறந்தது ராசு.

"ஏனுங்ணா, இதுக்காகவா இம்புட்டுத் தூரம்? எங்கூட்டு அரிசிப் பானையைத் தொறந்தாலும் இதேதானுங்க இருக்குது."

"பானை சும்மா காலியா கெடக்குது ராசு. இங்க திரை போட்டு, வெளக்கு வெச்சு, பாருடான்னு காட்டறாங்க. அதுதானுங்க வித்தியாசம்."

ராசு யோசித்துவிட்டு, அடுத்த வருஷம் ஊட்டி என்றார்.

சிதம்பரத்தில் அழுதாலும் அவருக்கு இஷ்ட தெய்வம் பழனியாண்டவர்தான். நெசவு செய்த குடும்பம், முருகன் என்றால் உயிர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு மலை மேல் நிற்கிறவரை, "கணக்கு முடிச்ச சாமிங்க" என்பார். தைப்பூசத்துக்கு அந்த வருஷமும் பாதயாத்திரை கிளம்பினார். ஐந்து நாள் லீவு. விபரீதம் அந்த ஐந்து நாளில்தான் நடந்தது. செய்தது நான்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் என் வீட்டுக்காரர் வைத்திருந்த நிட்டிங் யூனிட் மூடிக் கிடந்தது. வீட்டில் நாலு பேர். ஓடிக்கொண்டிருந்தது என் வேலை ஒன்றுதான். கம்பெனியில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊசி ரெஜிஸ்டரைப் படம் எடுத்துப் பையர் ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சைபர் அண்ணன் ஆறாவது சைபரைப் போட்டு முடிக்க ஏழரை ஆகும். தாமதத்துக்குத் திட்டு வாங்குவது நான். எங்கள் ஊரில் திட்டினாலும் மரியாதை குறையாது. "ஏனுங் அம்மிணி, ஒரு முட்டை போடறதுக்குக் கோழிகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கறதில்லீங்க. அவுரு வர்ற வரைக்கும் நீங்களே ஒரு ஸ்டாம்ப் கீம்ப் பண்ணி அடிச்சு உடுங்க," என்றார் முதலாளி.

ஸ்டாம்ப் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு, பதவி, கம்பெனி ஒண்ணும் வேண்டாங்களா? வெறும் முட்டை மட்டுங்களா?"

அழகான சைபர். தொடங்கிய இடமும் தெரியாது, முடிந்த இடமும் தெரியாது. முதல் நாள் ஆறு அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாம் நாள், நாளைக்கும் சேர்த்து அடித்தால் என்ன என்று தோன்றியது. கை பழகிவிட்டது. அடுத்த வாரத்துக்கு அடித்தேன். மாசக் கடைசி வரை அடித்தேன். லீவு நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும்கூட விடவில்லை. இத்தனைக்கும் பக்கம் பக்கமாக நம்பர் அச்சடித்துத் தைத்த ரெஜிஸ்டர் அது. ஒரு தாளைக் கிழிக்க முடியாது.

ஆறாம் நாள் சைபர் அண்ணன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தார். பஞ்சாமிர்தம் கொடுத்தார். ரெஜிஸ்டரைத் திறந்தார். புரட்டினார். புரட்டிக்கொண்டே போனார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஏனுங் அம்மிணி, இருபத்தெட்டாந்தேதி மூணாவது லைன்ல ஊசி ஒடயாதுன்னு இன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்களா?"

"நாளைக்கு ஆடிட்டுங்ணா," என்றேன். அது பதிலே இல்லை.

அன்றைக்கே, மதியம் பன்னிரண்டு மணிக்கு, மூன்றாவது லைனில் ஊசி ஒடிந்தது. ஓவர்லாக் மிஷினில் இருந்த முத்துச்செல்வி எழுந்து நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து நாலு மாசம்தான். பேசாமல் இருந்திருக்கலாம். அவள் நேராக மேஜைக்கு வந்தாள். "அண்ணாச்சி, ஊசி ஒடஞ்சிட்டு. மொனையக் காங்கல. எங்கெல்லாமோ தேடிட்டேன்."

முனை எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து அவள் தைத்ததில் பாதி ஏற்கனவே பேக்கிங் ஆகி, அட்டைப் பெட்டியில் டேப் ஒட்டி அடுக்கியாகிவிட்டது. மெட்டல் டிடெக்டர் மிஷின் சர்வீசுக்குப் போயிருந்தது. இன்று வரும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி நாலு மணிக்கு வந்துவிடும். முதலாளி ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தார்.

"அதான் மூணாவது லைனுக்குச் சைபர்னு போட்டிருக்குதுங்களே. அப்படியே இருக்கட்டுமுங்க."

"அது நான் பாத்துப் போட்ட சைபர் இல்லீங்க மொதலாளி," என்றார் சைபர் அண்ணன். பேனாவை எடுத்தார்.

அந்தச் சைபரை அடித்துவிட்டு ஒன்று போட்டால், நாளைக்கு ஆடிட்டர் அந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்பார். ஊசி ஒடிவதற்கு முன்பே ஸ்டாம்ப் விழுந்தது எப்படி என்று கேட்பார். அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அதோடு என் வேலை போகும்.

அவர் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன். "அண்ணா, அதை அடிச்சீங்கன்னா எனக்கு வேலை போயிருமுங்க. எங்கூட்டு நெலமை உங்களுக்குத் தெரியுமுங்க."

"தெரியுமுங் அம்மிணி," என்றார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஸ்டாம்பின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷமாகச் சைபரைக் கட்டிக்கொண்டு அழுத மனிதர், என் தலையில் இடி விழ வேண்டிய நாள் பார்த்து ஒன்று போட்டார். அந்த நேரத்தில் அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு எல்லாப் பெட்டிகளையும் பிரிக்கச் சொன்னார். முனை அடியில் குத்தியிருக்குமோ என்று கம்பெனி முழுக்கச் செருப்பைக் கழற்றித் தலைகீழாக வைத்தது. சைபர் அண்ணன் கையில் ஒரு காந்தத்தைக் கட்டிக்கொண்டு, தரையில் முட்டி போட்டுத் தவழ்ந்தார். இரண்டு ஊக்கு கிடைத்தது. ஒரு ஹேர்பின் கிடைத்தது. ஆறு மாசமாக முதலாளி தேடிக்கொண்டிருந்த டிராயர் சாவி கிடைத்தது. அதற்காக யாரைத் திட்டி வேலையை விட்டு நிறுத்தினாரோ, அந்தப் பெயரை எல்லோரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டோம். ஊசி முனை மட்டும் கிடைக்கவில்லை. லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் ஒவ்வொரு உடுப்பாக எடுத்து, தையல் தையலாகக் காந்தத்தையும் விரலையும் ஓட்டினார். முத்துச்செல்வி மடித்துக் கொடுத்தாள். ராசு அயர்ன் பெட்டியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன்.

வெயில் இறங்கிய பிறகு, மூன்றாவது பெட்டியில், மூன்று மாசக் குழந்தைக்கான ஒரு உடுப்பின் தோள் தையலில், அவர் விரல் நின்றது. தையலைப் பிரித்தார். எள்ளளவு இருந்தது. ஒடிந்த ஊசியோடு வைத்துப் பார்த்தார். சேர்ந்தது. டேப் போட்டு ஒட்டினார். முத்துச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "லாரியை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்தார். சர்க்கரை இல்லாத காப்பி, முகத்திலும் அதே. ரெஜிஸ்டரைத் திறந்து, நான் நினைத்த இடத்திலேயே நின்றார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்ததைப் புரட்டினார். வராத தேதிகளில் வரிசையாகச் சைபர். ஞாயிற்றுக்கிழமையிலும் ஆறு.

"இதை யார் போட்டது?"

அறையில் முதலாளி இருந்தார், நான் இருந்தேன், சைபர் அண்ணன் இருந்தார். மாசக் கடைசி வரை நான் அடித்து வைத்திருந்தது முதலாளிக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். மடியில் இருந்த ஃபைலைத் திறந்தேன்.

"நானுங்க," என்றார் சைபர் அண்ணன்.

ஆடிட்டர் அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தார். லீவு பட்டியலைப் பார்த்தார். "நீங்க அஞ்சு நாள் பழனிக்குப் போயிருக்கீங்க. அந்த நாள்லயும் சைபர் இருக்கே?"

"போறதுக்கு முன்னாலயே அடிச்சு வெச்சுட்டுப் போனேனுங்க. சோம்பேறித்தனமுங்க."

சோம்பேறித்தனம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் முதலாளியே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன்.

"உங்களைத் தவிர இந்த ரெஜிஸ்டர்ல எத்தனை பேர் கை வெச்சிருக்காங்க?"

சைபர் அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சைபருங்க," என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் போய்ப் பார்க்காமல் சொன்ன ஒரே சைபர் அது. போட்ட அத்தனையிலும் அது ஒன்றுதான் பொய். அதையும் எனக்காகச் சொன்னார்.

ஆடிட்டர் எழுதினார். நேற்றைய ஒன்று மட்டுமே நம்பத்தக்கது என்றும், இந்த நபர் போட்ட முந்தைய பதினோரு வருஷத்துப் பதிவுகள் எதையும் ஆதாரமாக ஏற்க இயலாது என்றும். ஒவ்வொரு நாளும் எண்பத்து நாலு மிஷினுக்கு நடந்து, ஊசி ஊசியாகத் தடவிப் போட்ட வட்டங்கள் எல்லாம் அந்த ஒரே வரியில் பொய்யாகிப்போயின. சைபர் அண்ணன் அதை நிதானமாக இரண்டு தடவை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். முதலாளி மரியாதையாகவே, "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார்.

ஊசி முனையைத் தேடி எடுத்ததற்காகப் பையர் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தான். ரெஜிஸ்டரைப் பொறுப்பான வேறொரு ஆள் எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். முதலாளி யோசித்து, பொறுப்பான ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்தார். இப்போது நான்தான் நடக்கிறேன். ஐந்து மணிக்குள் முடிவதில்லை. பையர் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தால், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். "அண்ணாச்சி மாதிரியே தடவுதீங்க அக்கா," என்கிறாள் முத்துச்செல்வி. அதை அவள் பாராட்டாகத்தான் சொல்கிறாள். நான் அடுத்த மிஷினுக்கு நடக்கிறேன்.

போன மாதம் அவரைப் போய்ப் பார்த்தேன். மண்ணரையில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் செக்கிங் பண்ணுகிறார். தலையில் முடி வளர்ந்திருந்தது. அங்கே யாரும் அவரைச் சைபர் அண்ணன் என்று கூப்பிடவில்லை. பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இரண்டாவது தடவைதான் திரும்பினார். எனக்கு டீயும் வர்க்கியும் வாங்கித் தந்தார். நான் பாதி வர்க்கியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். என்னால்தானே, உங்கள் பதினோரு வருஷமும் போயிற்றே என்றேன்.

"அட அழுகாதீங் அம்மிணி. எதுலயிருந்து வேணும்னாலும் சைபரைக் கழிச்சுப் பாருங்க, ஒண்ணும் கொறையாதுங்க. அங்கயிருந்து என்னையக் கழிச்சாங்க. அவ்வளவுதானுங்களே."

இதை ஒரு பத்திரிகைக்குத்தான் எழுதி அனுப்புகிறேன். முதலாளி அதை விடாமல் படிக்கிறவர். படிக்கட்டும். அந்த ஸ்டாம்பை மாசக் கடைசி வரை அடித்தது நான்தான். சைபர் அண்ணன் ஒரு நாளும் பார்க்காமல் சைபர் போட்டதில்லை. நான் இதைச் சொல்வதற்காக வேலை போனால் போகட்டும்.

பாபிலோனிலிருந்து பழனி வரைக்கும் சைபரைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு கழித்தலில் தப்புப் பண்ணிவிட்டார். அவரைக் கழித்த நாளிலிருந்து எங்களுக்குக் குறைந்துதான் போயிருக்கிறது.